நாற்று மஞ்சளானால் முதலில் வேரைப் பாருங்கள்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)

காய்கறி நாற்றங்காலில் நாற்று மஞ்சளாகிப் போகிறதே, என்ன செய்வது என்று கேட்டு வருகிறவர்கள் வர வர அதிகமாகிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் நெல்லும் சோளமும் கடலையும் பார்த்தவர்கள். இப்போதுதான் பத்து சென்ட், இருபது சென்ட் என்று தக்காளி, கத்தரி, மிளகாயில் கை வைத்திருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்த உரை. நாற்று விட்டுப் பழகியவர்களும் கேட்கலாம், தப்பில்லை.

வீரிய ஒட்டு விதையை இன்றைக்குக் கிராம் கணக்கில் விற்கிறார்கள். நாற்று செத்தால் விதைக்காசு மட்டுமா போகிறது? மறுபடி விதை வாங்கி, முளைக்க வைத்து, நடவுக்குத் தயார் செய்ய பயிரைப் பொறுத்து 25 முதல் 40 நாள் ஆகிவிடும். அதற்குள் பட்டம் தப்பிவிடும். நிலத்தை உழுது, எரு போட்டு, பார் பிடித்து வைத்தவர் நாற்றுக்காக ஊர் ஊராய் அலைய வேண்டி வரும். ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

நாற்று மஞ்சளானதும் இரண்டு யோசனை வரும். வீட்டில் இருப்பவர்கள், "தண்ணி பத்தலை, இன்னும் ரெண்டு குடம் ஊத்து" என்பார்கள். வெளியில் கேட்டால், "மண்ணு புளிச்சுப் போச்சு, சுண்ணாம்பு போடு" என்பார்கள். இரண்டும் சில இடத்தில் சரி, பல இடத்தில் தப்பு. தண்ணீர் அதிகமாகி மஞ்சளான நாற்றும், மண்ணின் அமிலத்தன்மையால் மஞ்சளான நாற்றும் மேலே பார்த்தால் அக்கா தங்கை போலத்தான் இருக்கும். இரண்டும் வளராது, இரண்டும் வெளிறிப் போகும். ஆனால் ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றொன்றுக்கு ஆகாது. வித்தியாசம் தெரிவது வேரில்தான்.

எனவே முதல் வேலை, ஒரு நாற்றைத் தோண்டிப் பார்ப்பது. வெடுக்கென்று பிடுங்காதீர்கள், வேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். ஒரு கரண்டியால் மண்ணோடு சேர்த்து எடுத்து, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். ஒன்று போதாது. நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று, மஞ்சளான இடத்தில் இரண்டு என்று எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நல்ல வேர் வெள்ளை வெளேரென்று, கிளை கிளையாக, நூல் நூலாக ஓடியிருக்கும். மண் வாசனை வரும். தண்ணீரால் கெட்ட வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும். மோந்து பார்த்தால் ஒரு வீச்சம். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று கையோடு வந்துவிடும், நடுவில் நரம்பு மட்டும் நூல் மாதிரி நிற்கும். அமில மண்ணில் கெட்ட வேர் அழுகியிருக்காது. வீச்சமும் இருக்காது. ஆனால் குட்டையாக, தடித்து, நுனி மழுங்கி, பக்கவேர் இல்லாமல் நிற்கும். இந்த மூன்றையும் கண்ணால் பார்த்துப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். வருகிற புகார்களில் பத்துக்கு ஏழெட்டு இதுதான் என்பது என் கணிப்பு.

வேர் தண்ணீர் குடிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். வேர் மூச்சும் விடுகிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் இருக்க வேண்டும். சந்து முழுவதும் தண்ணீர் நிரம்பினால் காற்று வெளியேறிவிடும். தண்ணீர் வழியாகப் பிராணவாயு வேருக்குப் போகலாமே என்றால், காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகம்தான் தண்ணீரில். வேர் மூச்சு முட்டி நிற்கும். மூச்சு முட்டிய வேரால் பக்கத்தில் இருக்கும் தண்ணீரையே உறிஞ்ச முடியாது. அதனால்தான் காலடியில் ஈரம் சொதசொதவென்று இருக்க, மேலே நாற்று வாடித் தொங்குகிறது. வாடுகிறதே என்று நாம் இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறோம். கதை முடிந்தது.

நெல்லுக்கு இது பொருந்தவில்லையே, அது தண்ணீரிலேயே நிற்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நெல்லின் இலையிலிருந்து வேர் வரைக்கும் உள்ளே காற்றுக் குழாய் இருக்கிறது. மேலே இருக்கும் காற்றை இழுத்து வேருக்கு அனுப்பிக்கொள்ளும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் அப்படி இல்லை. நெல் நாற்றங்காலில் தண்ணீர் கட்டிப் பழகிய கை, காய்கறி நாற்றுக்கும் அதே தாராளத்தைக் காட்டுகிறது. அக்கறையால் வருகிற தவறு இது. சோம்பேறியின் நாற்று இதனால் சாவதில்லை, கவனமாக இருப்பவரின் நாற்றுதான் சாகிறது.

சென்ற ஆண்டு ஐப்பசியில், சமவெளிக் கிராமம் ஒன்றில் ஓர் இளைஞர் கூப்பிட்டுப் போயிருந்தேன். குழித்தட்டில் தக்காளி. 98 குழி உள்ள தட்டுகள் நாற்பது, நிழல்வலைக் குடிலுக்குள் வரிசையாக அடுக்கியிருந்தார். நாற்று அத்தனையும் வெளிறி, சிலது சாய்ந்து கிடந்தது. இலையின் ஓரம் வேறு கருகியிருந்தது.

"தம்பி, எத்தனை வேளை தண்ணி விடுறீங்க?"

"காலையில சாயந்தரம் ரெண்டு வேளை சார். வெயில் அடிச்சா மத்தியானமும் ஒரு தடவை."

"மழை பெஞ்ச அன்னிக்கு?"

"வலைக்குள்ளதானே சார் இருக்கு, அன்னிக்கும் ஊத்தினேன்."

நிழல்வலை மழையைத் தடுக்காது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு தட்டைத் தூக்கினேன். கல் மாதிரி கனத்தது, அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கீழே வழவழப்பான பாலித்தீன் விரிப்பு. தட்டின் அடித்துளைகள் விரிப்போடு ஒட்டிக்கொண்டு தண்ணீர் வடிய வழியே இல்லை. வேரை அலசிப் பார்த்தோம், பழுப்பு, தோல் கழன்று வந்தது. சரி, இலை ஓரம் ஏன் கருகியது? யாரோ சொன்னார்கள் என்று வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்! அவருடைய ஊர் கரிசல் பூமி. தோண்டினால் சுண்ணாம்புக் கட்டி வருகிற ஊர். அங்கே கிணற்றுத் தண்ணீரிலும் காரம் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சுண்ணாம்பு போட்டால் இரும்புச்சத்து கரையாமல் போய், தப்பிப் பிழைத்த நாற்றும் இளம் இலையில் மஞ்சளடிக்கும்.

இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பட்டினி போடச் சொன்ன மாதிரி. தட்டுகளை மூங்கில் பரண் கட்டி மேலே ஏற்றி வைத்தோம். காலையில் வலையின் பக்கவாட்டை விலக்கிக் காற்றோட்டம் கொடுத்தோம். நாற்பது தட்டில் பதினைந்தைக் கொட்ட வேண்டியதாயிற்று. மற்றதில் ஒரு வாரத்தில் புதுக் குருத்து பச்சையாக வந்தது.

குழித்தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேற்பரப்பு காய்ந்து வெளுத்துத் தெரியும், உள்ளே பிழிந்தால் ஒழுகும். கண்ணை நம்பி ஏமாறக்கூடாது. தட்டை நன்றாக நனைத்து வடியவிட்டு ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், அது கனத்த தட்டு. தண்ணீர் விடாமல் காய்ந்த தட்டை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், அது லேசான தட்டு. இந்த இரண்டு கனமும் கைக்குப் பழகிவிட்டால் தினமும் காலையில் நாலைந்து தட்டைத் தூக்கிப் பார்த்து, லேசானால் மட்டும் தண்ணீர் விடலாம். காசு செலவில்லாத கருவி இது. நடுவில் இருக்கும் தட்டையும் தூக்குங்கள். ஓரத்துத் தட்டு சீக்கிரம் காயும், நடுத்தட்டு காயாது.

நிலத்தில் மேட்டுப்பாத்தி போட்டிருப்பவர்கள் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரைக்கும் மண்ணில் விட்டுப் பாருங்கள். விரலில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பாத்தி 15 செ.மீ. உயரம், 1 மீட்டர் அகலம் இருக்கட்டும். நடுவில் நின்று போகும் மழைத்தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் கட்டாயம். தண்ணீரைப் பூவாளியால் காலையில் விடுங்கள். சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுதும் இலையும் தண்டும் ஈரத்தோடு நிற்கும். அது நாற்றழுகல் நோய்க்குப் பந்தி விரித்த மாதிரி.

அந்த நோயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து, நூல் போல மெலிந்து, மேல்பாகம் பச்சையாக இருக்கும்போதே நாற்று சாய்ந்துவிடும். இன்று கையகல இடத்தில் சாய்ந்தால் நாளைக்கு முறம் அகலத்துக்குப் பரவும். பித்தியம் என்ற பூஞ்சாணம் முக்கியக் காரணம். அதன் வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்திப் போய் அடுத்த நாற்றைத் தொடும். தண்ணீர் தேங்கவில்லையென்றால் அதற்குப் போக வழியில்லை. விதைக்கும் முன்பே ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்வது நல்லது. நெருக்கமாக விதைக்காதீர்கள். சாய ஆரம்பித்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து, ஒரு சதுர மீட்டருக்கு 4 லிட்டர் வீதம் மண் நனைய ஊற்ற வேண்டும். அதிலும் ஒரு நிதானம் தேவை. ஏற்கெனவே சொதசொதவென்று இருக்கும் பாத்தியில் இன்னும் நாலு லிட்டர் ஊற்றுவதா? தண்ணீரை வடித்து, மேல்மண் கொஞ்சம் காய்ந்த பிறகு ஊற்றுங்கள்.

சரி, அமிலத்தன்மைக்கு வருவோம். இதில் ஒரு சொல் குழப்பம் இருக்கிறது. தண்ணீர் தேங்கி, பாசி பிடித்து, சேறு நாறினால் நம்மவர்கள் "மண்ணு புளிச்சுப் போச்சு" என்கிறார்கள். அது காற்றில்லாமல் வருகிற நாற்றம். பரிசோதனைக் கூடத்தில் அமிலம் என்று சொல்வது வேறு. சொல்லப்போனால், அமில மண்ணில் சில வாரம் தண்ணீர் கட்டி வைத்தால் அமிலம் குறைந்து நடுநிலைப் பக்கம் நகரும். அமில பூமியிலும் நெல் ஓரளவு விளைவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, மூக்கால் மோந்து பார்த்து அமிலம் என்று முடிவு கட்டக்கூடாது. பச்சைப்பாசி படர்ந்திருப்பதும் ஈரம் அதிகம் என்பதைத்தான் சொல்கிறது.

அமில கார நிலையை பி.எச். என்ற எண்ணால் சொல்கிறார்கள். 1909 ஆம் ஆண்டு டென்மார்க்கில் சோரன்சன் என்ற விஞ்ஞானி ஏற்படுத்திய அளவு இது. அவர் வேலை பார்த்தது ஒரு பீர் ஆலையின் ஆராய்ச்சிக்கூடத்தில் என்பது வேடிக்கை. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த எண்ணை ரூபாய், அணா மாதிரி எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். பி.எச். 5 உள்ள மண், 6 உள்ள மண்ணைவிடப் பத்து மடங்கு அமிலம், 7 உள்ளதைவிட நூறு மடங்கு. காய்கறி நாற்றுக்கு 6 முதல் 7 வரை இருந்தால் சௌகரியம். 5.5க்குக் கீழே போனால் தொல்லை ஆரம்பம். மண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியம் கரைந்து வந்து வேர் நுனியைச் சுடும். வேர் குட்டையாகி மழுங்குவது இதனால்தான். மணிச்சத்தை அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்துக்கொள்ளும். இலையின் அடிப்பக்கமும் தண்டும் ஊதா நிறம் காட்டும். கடும் குளிரிலும் ஊதா வரும் என்பதால் அதை மட்டும் வைத்தும் முடிவு செய்ய வேண்டாம்.

நம் மாநிலத்தில் இந்தப் பிரச்சினை எங்கே உண்டு? நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை போன்ற மலைப்பகுதிகளிலும், கன்னியாகுமரி போன்ற இடங்களில் இருக்கும் செம்புறை மண்ணிலும் உண்டு. பல காலமாகப் பெய்த மழை, மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் அரித்துக்கொண்டு போய்விட்டது. அதோடு வருடக்கணக்கில் அம்மோனியம் சல்பேட் போட்டுக்கொண்டே வந்தாலும் அமிலம் ஏறும். தேயிலைக்கு அமில மண்தான் பிடிக்கும், அதனால் அது மலையில் செழிக்கிறது. அதே மண்ணில் முட்டைக்கோஸ் நாற்று திணறுகிறது. ஊட்டிப் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு ஹைட்ரேஞ்சியா செடி நீலமாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம். அமில மண்ணில் அலுமினியம் கரைவதால் வருகிற நீலம் அது. காரமான மண்ணில் வைத்தால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும்.

நான் மலையில் வேலை பார்த்தபோது கோத்தகிரிப் பக்கம் ஓர் அம்மா முட்டைக்கோஸ் நாற்றைக் காட்டினார். தண்ணீரை அளந்துதான் விடுகிறார், பாத்தி மேடாக இருக்கிறது, வடிகால் இருக்கிறது. ஆனால் ஒரு மாதத்து நாற்று இரண்டு வார நாற்று மாதிரி இருந்தது. "தண்ணி கம்மியோன்னு இன்னும் விடலாம்னு இருந்தேங்க" என்றார். வேரை அலசினோம். வெள்ளைதான், அழுகல் இல்லை. ஆனால் குட்டை குட்டையாக, மழுங்கி இருந்தது. மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் 4.7 என்று வந்தது. இங்கே சுண்ணாம்பு வேண்டும். அவர் நினைத்தபடி தண்ணீரைக் கூட்டியிருந்தால் இருந்த வேரும் போயிருக்கும்.

வீட்டிலேயே சின்னப் பரிசோதனை ஒன்று செய்யலாம். காய்ந்த மண்ணைப் பொடித்து ஒரு தட்டில் வைத்து, எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழியுங்கள். புசுபுசுவென்று நுரை கிளம்பினால் மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. அங்கே சுண்ணாம்புப் பேச்சே எடுக்க வேண்டாம். நுரை வரவில்லையென்றால்? அதனால் அமிலம் என்று ஆகிவிடாது. அடுத்த படி மண் பரிசோதனைதான்.

நாற்றங்கால் போட நினைத்திருக்கும் இடத்தில் மேலே கிடக்கும் குப்பை செத்தையை ஒதுக்கிவிட்டு, நாலைந்து இடத்தில் ஆங்கில வி எழுத்துப் போல 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ் வரைக்கும் சீராக மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். மீண்டும் கலந்து, மீண்டும் பிரித்து, அரைக் கிலோ அளவு வந்ததும் நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். எருக்குழி ஓரம், வரப்பு ஓரம், மரநிழல் இங்கெல்லாம் எடுக்காதீர்கள். உரம் வாங்கிய சாக்கில் போட்டுக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்தச் சாக்கில் ஒட்டியிருக்கும் உரத்தையும் சேர்த்துத்தான் அங்கே பரிசோதிப்பார்கள்! மண்வள அட்டை 2015 ஆம் ஆண்டில் வந்தது. அது கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், உங்கள் நிலத்தின் பி.எச். எண் அதில் இருக்கும். ஆனால் வயலின் எண் ஒன்று, வீட்டுக் கொல்லையில் போடும் நாற்றங்காலின் எண் வேறாக இருக்கலாம்.

பரிசோதனைச் சீட்டில் ஹெக்டேருக்கு இத்தனை டன் சுண்ணாம்பு என்று எழுதித் தருவார்கள். நாற்றங்காலுக்கு அதை எப்படிக் கணக்குப் போடுவது? ஹெக்டேருக்கு 1 டன் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம். ஒரு சென்டுக்கு 4 கிலோ. 2 டன் என்றால் அதை இரட்டித்துக்கொள்ளுங்கள். சீட்டில் இருக்கும் அளவுக்கு மேலே கைப்பிடி கூடக் கூடாது. ஒரே பி.எச். இருந்தாலும் மணல்பாங்கான மண்ணுக்குக் கொஞ்சமும் களிமண்ணுக்கு அதிகமும் தேவைப்படும். அதனால்தான் பக்கத்து வயல்காரர் அளவு உங்களுக்கு உதவாது.

எந்தச் சுண்ணாம்பு என்பதும் முக்கியம். சுண்ணாம்புக்கல் தூள் அல்லது டோலமைட் தூள் நல்லது. டோலமைட்டில் மக்னீசியமும் இருக்கிறது, மழை அரித்த மலை மண்ணுக்கு இரண்டுமே வேண்டும். சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் சூடு அதிகம், முளைத்த நாற்றின் மேல் பட்டால் கருக்கிவிடும். ஜிப்சம் போடலாமா என்று கேட்கிறார்கள். ஜிப்சம் களர் நிலத்தைத் திருத்துவதற்கு. அது அமிலத்தை நீக்காது, காசுதான் வீண்.

சுண்ணாம்பை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தூவி, 15 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, லேசாக நனைத்து விடுங்கள். அது மண்ணில் மெதுவாகத்தான் வேலை செய்யும். மேலே தூவிவிட்டால் மேலேயே கிடக்கும். தொழு உரத்தோடும் யூரியா, அம்மோனியம் சல்பேட்டோடும் சேர்த்துப் போடாதீர்கள். தழைச்சத்து அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். சுண்ணாம்பு முதலில், உரம் பிறகு. நாற்று முளைத்த பிறகு அமிலம் என்று தெரிந்தால் என்ன செய்வது? அந்தப் பாத்தியில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்பதுதான் உண்மை. திருத்திய மண் நிரப்பிய தட்டிலோ பையிலோ மறுபடி விதைப்பது, திணறும் நாற்றை வைத்துக்கொண்டு மாரடிப்பதைவிட மேல்.

மலைக் காய்கறிக்காரர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. காலிஃபிளவர் நாற்றில் இலைப்பரப்பு குறுகி, நடுநரம்பு மட்டும் சாட்டை போல நீளுகிறதா? மாலிப்டினம் என்ற நுண்ணூட்டக் குறைவு அது. அமில மண்ணில்தான் அது பயிருக்குக் கிட்டாமல் போகிறது. 100 சதுர மீட்டர் நாற்றங்காலுக்கு 50 கிராம் சோடியம் மாலிப்டேட், 100 கிராம் போராக்ஸ் அடியுரத்தோடு போடச் சிபாரிசு இருக்கிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வேர்கள் கட்டை கட்டையாக வீங்கும் நோயும் அமில மண்ணில்தான் அதிகம். அந்த நாற்றைக் கொண்டுபோய் நட்டால் நோயையும் சேர்த்து வயலில் நட்ட கணக்குதான். அதனால் வீங்கிய வேர் உள்ள பாத்தியிலிருந்து ஒரு நாற்றுகூட எடுக்காதீர்கள்.

வேர் வெள்ளையாக, நீளமாக, ஆரோக்கியமாக இருக்கிறது, ஆனாலும் நாற்று அடியிலையிலிருந்து வெளிறி வருகிறது என்றால்? அது வெறும் பசி. வெறும் நார்க்கழிவில் சத்து ஏது? விதைத்த 18 ஆம் நாள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் 19:19:19 நீரில் கரையும் உரத்தைக் கரைத்து ஊற்றினால் சரியாகிவிடும். நார்க்கழிவு வாங்கும்போது மக்க வைத்ததா, கழுவியதா என்று கேட்டு வாங்குங்கள். பச்சை நார்க்கழிவில் உப்பும் டானினும் இருக்கும், முளையைக் கெடுக்கும்.

ஒருவேளை வேரைப் பார்த்தும் உங்களுக்குத் தெளிவு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கும் மருந்துக்கும் ஓடாமல், பாத்தியின் ஒரு பாதிக்கு மட்டும் மூன்று நாலு நாள் தண்ணீரைக் குறையுங்கள். மறு பாதி வழக்கம்போல் இருக்கட்டும். குறைத்த பக்கம் புதுக்குருத்து பச்சையாக வந்தால் குற்றவாளி தண்ணீர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் மண்ணைக் கட்டிக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் புறப்படுங்கள். மலையில் சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பனிமூட்டத்தில் மண் காய நாளாகும். அங்கேயும் முதலில் தண்ணீரைச் சரி செய்யுங்கள், சுண்ணாம்பு அடுத்த விதைப்புக்கு.

நடவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தண்ணீரை மெல்ல மெல்லக் குறைத்து, நிழலையும் படிப்படியாக விலக்கி நாற்றைக் கடினப்படுத்துங்கள். நட எடுப்பதற்கு முந்தின நாள் மட்டும் நன்றாக நனைத்துவிடுங்கள், வேர் அறுபடாமல் வரும்.